கொசுறாகக் கொடுத்த வழிகாட்டி

எந்த மாடல் நல்லது என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் நுழைகிறவரிடம் நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மழைக்காலத்தில் மலை ஏறுவீர்களா, மாட்டீர்களா? ஏறமாட்டேன் என்பவருக்குச் சின்ன மாடலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஏறுவேன் என்பவரை உட்காரவைத்து டீ சொல்லுவேன். அவரிடம் பேச அரைமணி நேரமாவது வேண்டும்.

என் பெயர் பூங்கோதை. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். சீட் கவர், ஹாரன், கண்ணாடி, கால்மிதி எல்லாம் உண்டு. ஆனால் பத்து வருஷமாக எனக்குச் சோறு போடுவது வழிகாட்டிக் கருவிதான். முன்பெல்லாம் மலை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சரியும். இப்போது மழை பெய்த நாளெல்லாம் எங்கேயாவது சரிகிறது. அதனால் கருவி இல்லாத வண்டிக்கு அடிவாரச் செக்போஸ்ட்டில் கம்பியைத் தூக்கமாட்டார்கள். குன்னூர் ரோடானாலும் சரி, கோத்தகிரி ரோடானாலும் சரி, இதுதான் சட்டம். இரவில் இரண்டு ரோடுமே மூடியிருக்கும். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், முதல் ஒன்றரை மணி நேரம் ஏறுகிற வண்டிக்கு மட்டும்.

நான் விற்பது 'வழித்துணை' என்கிற கம்பெனியின் கருவி. மூன்று மாடல். மூன்றுக்கும் ஒரே கறுப்புப் பெட்டி, உள்ளே இருக்கும் சங்கதிதான் வேறே. சின்னது ஏழாயிரம். வழி சொல்லும், வளைவு சொல்லும், பெட்ரோல் பங்க் எங்கே என்று சொல்லும். நடுத்தரம் இருபதாயிரம். அதில் மழைக் கணிப்பும் பனிமூட்டத்தில் பார்க்கிற கேமராவும் கூடுதல். பெரியது எழுபதாயிரம். அதில்தான் 'உறுதி வழி' என்ற வசதி உண்டு. மழை நாளில் உங்களுக்கு முன்னால் இன்னொரு வண்டி அந்த ரோட்டைப் பத்திரமாகத் தாண்டியிருந்தால்தான் திரையில் பச்சை வரும். தாண்டவில்லை என்றால் மஞ்சள், காத்திருக்கச் சொல்லும். ரோடு போயிற்று என்றால் சிவப்பு, அது மட்டும் மூன்று மாடலிலும் வரும்.

முன்னால் ஒரு வண்டி பத்திரமாகப் போனால்தான் உங்களை விடும் என்று ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். சொன்ன உடனே முகம் மலர்ந்துவிடும். அந்த முன்னால் போகிற வண்டி யாருடையது என்று ஆயிரம் பேரில் ஒருவர் கேட்டதில்லை. அவர்களைச் சொல்லி என்ன, விற்கிற நானே கேட்டதில்லை.

போன வருஷம் ஐப்பசியில், கோத்தகிரி ரோட்டில் சரிவுகள் முடிகிற மாமரம் என்ற ஊர் பக்கத்தில், ஒரு சின்னக் கார் மேல் மண் சரிந்தது. காலை டியூட்டிக்குப் போன நர்ஸ் ஒருத்தி உள்ளே இருந்தாள். அவளைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் அந்தக் கார் நின்ற நான்காவது நொடியில் பின்னால் வந்த முப்பத்திரண்டு வண்டிகளுக்கும் சிவப்பு வந்து, எல்லாம் தப்பித்தன. 'முப்பத்திரண்டு வண்டிகளைக் காத்த கருவி' என்று பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். நான் அதை வெட்டி, லேமினேஷன் செய்து, கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அந்த மாதம் பெரிய மாடல் நாலு போயிற்று.

வெள்ளிங்கிரி வந்தது இந்த வருஷம் ஆவணியில். கேரட் மண்டிக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். தினமும் காலையில் கோத்தகிரிக்குப் போய் ஏலத்தில் கேரட் எடுத்து, மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு மத்தியானத்துக்குள் கீழே வந்துவிடுவார். புது வண்டி வாங்கியிருந்தார், அதற்குப் பெரிய மாடல்தான் வேண்டும் என்றார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. மண்டிக்காரர் பேரம் பேசவில்லை என்றால் வேறு எங்கோ கண் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான் நினைத்தது சரி. பில் போடுகிற நேரத்தில் கொசுறு என்ன என்று கேட்டார். கீரைக் கட்டு வாங்கினால் கொத்தமல்லி, எழுபதாயிரத்துக்கு வாங்கினால் ஒன்றும் கிடையாதா என்று நியாயம் வேறு. சீட் கவர் தருகிறேன் என்றேன், கலர் பிடிக்கவில்லை. கால்மிதி என்றேன், வீட்டில் இருக்கிறதாம். கடைசியில் அலமாரியில் இருந்த சின்ன மாடலைக் காட்டினார்.

"அதைக் குடுத்துருங்க அம்மணி. ஊட்டுக்காரி ஸ்கூலுக்குப் போயிட்டு வர்ற வண்டில பழசு ரிப்பேராயிருச்சு, அதுக்கு இது போதும்."

ஏழாயிரம் ரூபாய்ச் சாமானைக் கொசுறாகக் கேட்கிற நெஞ்சழுத்தம் மண்டிக்காரருக்குத்தான் வரும். ஆனால் கொடுத்தேன். கொடுப்பதில் எனக்கு நஷ்டம் அதிகமில்லை. சின்ன மாடல் எத்தனை வண்டியில் ஏறுகிறதோ அத்தனைக்கும் கம்பெனி எனக்குத் தனியாகக் கமிஷன் தந்தது. பெரியதுக்குக் கமிஷன் கம்மி, சின்னதுக்கு அதிகம். உலகத்தில் எந்த வியாபாரத்திலும் இல்லாத கூத்து. வருகிற மகாலட்சுமியை எதற்கு வந்தாய் என்று கேட்பார்களா என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அவர் மனைவியின் காரை வரவழைத்து என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன்.

அவர் மனைவி வசுமதி, கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயது. பத்தாம் வகுப்புக்கு ஏழே முக்காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பதால், காலை ஆறு மணிக்குக் கம்பி தூக்கும்போதே செக்போஸ்ட்டில் நிற்பாள். மாட்டிய கருவியை அவள் ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் எனக்காக வாங்கித் தந்த முதல் எலக்ட்ரானிக் சாமான் இதுதான் அக்கா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் வெள்ளிங்கிரி ஒரு பை கேரட்டோடு கடைக்கு வந்தார். சும்மா ஒரு பூசணிக்காய்க்குக்கூடக் கை நீளாத மனிதர். விஷயம் இதுதான். குன்னூர் ரோட்டில் போகிற மற்ற மண்டிக்காரர்கள் இதே பெரிய மாடலை வைத்துக்கொண்டு எட்டு மணி வரை மஞ்சளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இவருக்கு மட்டும் கோத்தகிரி ரோட்டில் ஆறே முக்காலுக்கெல்லாம் பச்சை வந்துவிடுகிறதாம். முப்பத்தேழு நாள் மழையில் ஆறே நாள்தான் ஏலம் தவறியதாம். எல்லாம் உங்க கைராசி என்று சொல்லிப் பையை வைத்துவிட்டுப் போனார். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரமே கம்பெனி ஆள் யோகேஷ் வந்தான். கோயமுத்தூர்க்காரன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்டாக் பார்த்துவிட்டுப் போவான். மரியாதை தெரிந்த பிள்ளை, வெடுக்கென்று ஒரு வார்த்தை பேசமாட்டான். நான் பெருமையாகக் கைராசிக் கதையைச் சொன்னேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, அது கைராசி இல்லை மேடம், அந்த ரோட்டில் தினமும் நேரத்தோடு ஏறுகிற சின்ன மாடல் வண்டி ஒன்று இருக்கும் என்றான்.

எனக்குப் புரியவில்லை. சின்ன மாடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா மழை. ஒரு வண்டியும் போகலை. காலைல ரோடு தாங்குமா தாங்காதான்னு எப்படி மேடம் தெரியும்?"

கேமரா வைத்திருக்கிறீர்களே, மழைக் கணிப்பு இருக்கிறதே என்றேன்.

"கேமராவுக்கு மேல்மண்ணுதான் தெரியும். அடி மண்ணு இளகியிருக்கறது தெரியாது. ஒரு டன் வெயிட் அது மேல உருண்டாத்தான் தெரியும். யாராச்சும் ஒருத்தர் முதல்ல போய்த்தான் ஆகணும். சின்ன மாடல்ல மஞ்சளே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? மண்ணு விழுந்து செவப்பு வர்ற வரைக்கும் அதுல பச்சைதான்."

கவனித்திருக்கிறேன். விலை குறைந்த கருவி, அதனால் அந்த வசதி வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். எல்லாரும் பெரிய மாடலே வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லாருக்கும் மஞ்சள்தான் வரும், ஒருவரும் ஏற முடியாது, மலை சும்மா கிடக்கும் என்றான். அதனால்தான் பத்துக்கு ஒன்றுக்கு மேல் பெரியதை விற்கவிடுவதில்லை. அதனால்தான் சின்னதுக்குக் கமிஷன் அதிகம். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, வாங்குகிறவர் கையெழுத்துப் போடுகிற தாளில் நாற்பத்தோராம் பக்கத்தில் 'சேவைத் தர வேறுபாடு' என்று அச்சடித்தே இருக்கிறது என்றான்.

அடுத்தவன் காலை விட்டு ஆழம் பார்க்கிற வேலையா இது என்று கேட்டுவிட்டேன். என் குரல் உயர்ந்ததில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

யோகேஷ் கோபப்படவில்லை. "கருவி வர்றதுக்கு முன்னாடியும் ஒருத்தர் முதல்ல போய்ட்டுத்தான் மேடம் இருந்தாங்க. மண்ணு விழுந்தா பின்னாடி வர்ற நாலு வண்டியும் சேந்து போகும். இப்ப ஒண்ணோட நின்னுருது. வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க, எழுதி அனுப்பறேன்."

எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவன் பேச்சோடு பேச்சாகத் தன் டேப்லெட்டில் வெள்ளிங்கிரியின் கருவியைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பச்சைக்கும் எதிரே, அந்தப் பச்சையைக் கொடுத்த வண்டியின் கருவி எண் இருந்தது. முப்பத்தேழு பச்சையில் முப்பத்தொன்று ஒரே எண். விடுபட்ட ஆறும் ஸ்கூல் லீவு நாள்கள், அவருக்கு ஏலம் தவறிய நாள்கள். என்னிடம் இருந்த வாரன்டி அட்டைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் புரட்டினேன். அது நான் கொசுறாகக் கொடுத்த கருவிதான்.

 பெண்டாட்டி ஆறு மணிக்கு ஏறுகிறாள். ரோடு அவளைத் தாங்கினால், அவளுக்குப் பின்னால் புருஷனுக்குப் பச்சை. தாங்கவில்லை என்றால் சிவப்பு. முப்பத்தொரு காலை இப்படி நடந்திருக்கிறது, நான் கேரட்டை வாங்கி அல்வா கிண்டித் தின்றிருக்கிறேன். அன்றைக்குக் கடை மூடும் முன்னால் அந்த லேமினேஷன் அட்டையைக் கழற்றினேன். அந்த நர்ஸ் காரில் இருந்தது என்ன மாடல் என்று பேப்பர்க்காரனும் எழுதவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தார். அட, அப்படியா, நம்ம வீட்டிலிருந்தே நமக்குப் பச்சையா என்றார். பிறகு சிரிப்பு நின்றது.  டீச்சர் வண்டிக்கும் பெரிய மாடல் போட்டுவிடலாம், கம்பெனிக்காரனிடம் சொல்லி நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"போட்டா, காலைல யாரு முன்னாடி ஏறுவாங்க?"

"ஏழு, ஏழேகாலுக்குள்ள யாராச்சும் ஏறத்தானுங்க செய்வாங்க."

"ஏலம் ஏழரைக்கு அம்மணி."

  அவர் கெட்டவர் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்தபோது பத்து நாள் கூடவே இருந்தவர். குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். ஆனாலும் அதைச் சொன்னார்.

"மழை இன்னும் பத்து நாளுதானுங்களே. மார்கழி பொறந்தா மாத்திக்கலாம்."

ஃபோனை வைத்தேன். அந்த நிமிஷமே வசுமதிக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் மனுஷி எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும், அவர் மனசு மாறி நாளைக்கே வந்து நிற்பார் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். தினமும் ஐந்தரைக்கு எழுந்து, வெளியே மழைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் ஏழு மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அப்புறம் கடை திறக்கிற வேலை வந்துவிடும். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. வெள்ளிங்கிரியைக் குறை சொல்கிற யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் வசுமதியே வந்தாள். வைப்பர் தேய்ந்துவிட்டதாம். புதிதாக ஒரு ஜோடி மாட்டச் சொல்லிவிட்டு, குடையை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். நான் வைப்பரை எடுக்காமல் அவளை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, பாதியிலேயே புரிந்துவிட்டது. அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவருகிட்டச் சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன் டீச்சர்."

"எப்ப?"

"ஒம்பது நாளாச்சு."

அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாள் போல என்று நினைத்தேன்.

"ஒரு வாரமா காலைல அவரே எந்திரிச்சு எனக்குக் காப்பி போட்டுக் குடுக்கறாருக்கா," என்றாள். "நேரமாச்சு, கெளம்புன்னு வாசல் வரைக்கும் வந்து நிக்கறாரு."

 என் செலவிலேயே ஒரு பெரிய மாடல் மாட்டித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"புதுசு வேண்டாங்கக்கா. அவரு வண்டில இருக்கறதே எனக்கு வேணும். என்னோடதை அவருக்கு மாட்டிருங்க."

பெட்டி ஒன்றுபோலவே இருக்கும், சின்னதில் எப்போதும் பச்சைதான் வரும், அவருக்குத் தெரியவே தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சர்வீஸ் என்று சொல்லி அவர் காரையும், பின்னாலேயே தன் காரையும் கொண்டுவந்தாள். நான் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. செய்யும்போது எனக்குத் துளி உறுத்தல் இல்லை. நல்லா வேணும் இவருக்கு என்று உள்ளூர ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

திங்களும் செவ்வாயும் வெயில் அடித்தது. புதன் ராத்திரி பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. வியாழக்கிழமை காலை நான் கடையைச் சீக்கிரமே திறந்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி, எட்டு மணி, சைரன் வைத்த வண்டி எதுவும் மேலே போகவில்லை. பத்து மணிக்கு வெள்ளிங்கிரியின் மண்டியில் கேரட் இறங்குகிறது என்று டயர் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்பாடா என்று இருந்தது, கூடவே கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அந்த ஏமாற்றத்துக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வசுமதி வந்தாள். தன் காரைக் கடை வாசலில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனின் காரையும் எடுத்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. டீ வேண்டாம் என்றாள். நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். ஆறு மணிக்குச் செக்போஸ்ட் போயிருக்கிறாள். திரையில் மஞ்சள். முதல் தடவையாக மஞ்சளைப் பார்க்கிறாள். வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஆறேகாலுக்கு வெள்ளிங்கிரியின் கார் அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. இவளைக் கவனிக்கவில்லை. யாரோடோ ஃபோனில் பேசிச் சிரித்துக்கொண்டே போனாராம். கூப்பிட்டு நிறுத்தலாம் என்று ஃபோனைக் கையில் எடுத்திருக்கிறாள். கூப்பிடவில்லை.

"அம்பது நிமிஷம் அந்தத் திரையையே பாத்துட்டிருந்தேன். அவரு மாமரம் தாண்டுனதும் பச்சை வந்துச்சுக்கா." கார்ச் சாவிகளைக் கல்லா மேல் வைத்தாள். "அப்பாடான்னு இருந்துச்சு. அவரு பத்திரமாப் போய்ச் சேந்துட்டாருன்னு இல்லைங்க. எனக்கு வழி கெடைச்சிருச்சுன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கிக்கொள்ளவில்லை.

"பச்சைல போயி ஸ்பெஷல் கிளாஸ் பாதிதான் எடுத்தேன். கிளாஸ்ல நிக்கறப்பதான் ஒறைச்சுது. இத்தனை நாளா அவருக்கும் இப்படித்தான இருந்திருக்கும். எனக்கு ஒரே நாள்ல பழகிருச்சுக்கா. இன்னும் நாலு நாள் போனா நானும் காப்பி போட்டுக் குடுத்து அனுப்புவேன்."

கருவிகளைப் பழையபடி மாற்றச் சொன்னாள். அவர் பெரியது அவருக்கே இருக்கட்டும். தன் காரில் எதையும் மாட்ட வேண்டாம், சின்னதை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள். கருவி இல்லாமல் கம்பி தூக்கமாட்டார்களே என்றேன். கார் வீட்டில் நிற்கட்டும், நாளையிலிருந்து பஸ்ஸில் போகிறேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க யோசித்து முடிவு செய்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"பஸ்ஸுன்னா பயமில்ல பாருங்க. அம்பது பேரு இருக்கற வண்டியைப் போயி யாராச்சும் முன்னாடி விடுவாங்களா?"

கேள்வியாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்வி.

அந்த ரோட்டில் ஓடுகிற பஸ் மொத்தம் பதினொன்று. பதினொன்றுக்கும் போன ஆடியில் நான்தான் கருவி மாட்டினேன். பஸ் முதலாளி விலையைக் கேட்டார், அதைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. இருப்பதில் எது குறைச்சலோ அதையே பதினொன்றும் போடுங்கள் என்றார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கருவி வாங்குவதில்லை, அவர்களிடம் யாரும் கேட்பதுமில்லை. இத்தனை நாளும் வசுமதியின் கார் அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவள் கார் வீட்டில் நிற்கும். வெள்ளிங்கிரி மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் இவள் ஏறமாட்டாள். மற்றவர்கள் ஏறுவார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இவளை எனக்குத் தெரியும்.

முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ஆறரைக்கு."

"அடுத்தது?"

"ஏழு பத்து. அதுல போனா ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க முடியாதேக்கா."

"பரவால்ல," என்றேன். "மழை முடியற வரைக்கும் ரெண்டாவது பஸ்ஸுலயே போங்க டீச்சர்."

வசுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

"சரிங்கக்கா," என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.